எந்தக் கம்பெனி?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி எந்தக் கம்பெனி?" இருபது வருஷமா கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். இதுவரைக்கும் நாலு பதில் சொல்லியிருக்கேன், நாலும் வேற வேற கம்பெனி. ஆனா அந்தச் சொல்லையே ஒருநாளும் யோசிச்சுப் பார்த்தது இல்லை.

யோசிக்க வைத்தது ஒரு மீட்டிங். பேர் வேண்டாம், நான் முன்பு வேலை பார்த்த இடம். மேலாளர் மைக்கைப் பிடித்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். அன்று மதியம் எல்லாருக்கும் பிரியாணி. மூன்று மாதம் கழித்து என் பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிட்டு அனுப்பி, பேட்ஜை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதே மேலாளரிடம் போய்க் கேட்டேன். "என்னங்க செய்யறது, இது கம்பெனி எடுத்த முடிவு" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு. பிரியாணி போட்டபோது கம்பெனி என்றால் நாங்கள் எல்லாரும். ஆளை அனுப்பும்போது கம்பெனி என்றால் வேறு யாரோ, அந்த அறையில் இல்லாத ஒருவர். இந்த இரண்டுக்கும் எப்படி ஒரே பேர் வந்தது? அன்று ராத்திரி அகராதியைத் திறந்தவன் சில மாதங்கள் கழித்துத் தஞ்சாவூர் ராணி ஒருவரின் வழக்கில் போய் நின்றேன். அந்தக் கதைதான் இது.

முதலில் நம் ஊர்ப் புழக்கம். "சும்மா வாடா, ஒரு கம்பெனி குடு" என்றால் துணைக்கு வா. திருப்பூரில் "அக்கா கம்பெனிக்குப் போயிருக்கு" என்றால் தையல் மிஷின் ஓடுகிற பனியன் கம்பெனிக்கு, அதாவது தொழிற்சாலைக்கு. (சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் அதே தொழிற்சாலை "தீப்பெட்டி ஆபீஸ்" ஆகிவிடும். ஆபீஸுக்கு ஒரு தனிக் கட்டுரை பாக்கி இருக்கு.) மெக்கானிக் "இது கம்பெனி பார்ட் சார், லோக்கல் இல்ல" என்றால் அசல் சரக்கு. பட்டாளத்துக்காரர் வீட்டில் கம்பெனி என்றால் நூறு சொச்சம் சிப்பாய்கள் உள்ள ஒரு பிரிவு. போன நூற்றாண்டின் முற்பாதி ஆட்களுக்கோ கன்னையா கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நாடகக் குழு. துணை, ஆலை, அசல், படை, நாடகம், அப்புறம் சம்பளம் போடுகிற முதலாளி. தமிழுக்குள் வந்தபிறகே இத்தனை என்றால் ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம்: வீட்டுக்கு வந்த விருந்தாளியும் அங்கே கம்பெனிதான், கப்பலின் மாலுமிகள் மொத்தமும் கம்பெனிதான்.

வேரைத் தோண்டினால் ரொட்டி வருகிறது. லத்தீனில் 'கொம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. சேர்ந்து ரொட்டி தின்கிறவன் 'கொம்பானியோ'. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட ஃபிராங்க் இனத்தாரின் சாலிக் சட்டத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ஜெர்மானிய மொழிகளில் அதே பொருளில் இருந்த ஒரு சொல்லைப் பார்த்து லத்தீனில் செய்துகொண்டார்கள் என்பது மொழியியலாளர்கள் கருத்து. கோதிக் மொழியில் 'ககலைபா', அதற்கும் ரொட்டியில் கூட்டாளி என்றுதான் பொருள். ஒரே சட்டிச் சோறு தின்றவர்கள் என்று நாம் சொல்வோமே, அதேதான்.

இந்த 'பானிஸ்' போர்ச்சுக்கீசு மொழிக்குப் போய் 'பாவ்ங்' என்று மூக்கால் ஒலித்தது. போர்ச்சுக்கீசியர் அதை இலங்கையில் இறக்கிவிட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் கடையில் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்கிறார்களே, அந்தப் பாண் இதுதான். ஆக, பாணும் கம்பெனியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பேக்கரிக்கு வந்தது, இன்னொன்று சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டியது.

ரொட்டிக் கூட்டாளி வியாபாரக் கூட்டாளி ஆனது இத்தாலியில். இடைக்கால ஃபிளாரன்ஸ் நகரில் பார்டி, பெருஸ்ஸி போன்ற குடும்பங்கள் நடத்திய வணிகக் கூட்டுகளுக்கு 'கொம்பாக்னியா' என்று பேர். அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் சேர்ந்து போட்ட முதல். அதே காலத்தில் லண்டனில் தொழில்வாரிச் சங்கங்கள் கம்பெனி ஆயின. துணி வியாபாரிகளின் மெர்சர்ஸ் கம்பெனிக்கு 1394-ல் அரச சாசனம் கிடைத்தது. இங்கேயெல்லாம் கம்பெனி என்றால் ஆட்கள்தான். ஆட்களை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

அடுத்ததுதான் நமக்கு நெருக்கமான ஆள். 1600 டிசம்பர் 31-ம் தேதி எலிசபெத் ராணி கொடுத்த சாசனத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பேரே கிடையாது. அதில் இருக்கும் முழுப் பேரைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: கிழக்கிந்தியப் பகுதிகளில் வாணிபம் செய்யும் லண்டன் வணிகர்களின் ஆளுநரும் கூட்டமும். "கூட்டம்" என்று நான் எழுதிய இடத்தில்தான் கம்பெனி என்ற சொல் நிற்கிறது. இன்ன இன்ன வணிகர்களின் கம்பெனி, அவ்வளவுதான். இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேர் சாசனத்தில் எழுதியிருக்கிறது.

ஆனால் அதே சாசனம் இன்னொரு வேலையையும் செய்தது. இந்தக் கூட்டத்தை ஒரே உடல் கொண்ட ஆளாக, சட்டத்தின் கண்ணில் ஒரு நபராக ஆக்கியது. உறுப்பினர் செத்தாலும் அது சாகாது. சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், முத்திரை குத்தலாம். கூட்டம் என்ற சட்டைக்குள் சத்தமில்லாமல் ஒரு ஆள் நுழைந்த இடம் இது. ஆனாலும் ஆரம்ப வருஷங்களில் பழைய வாசனை போகவில்லை. ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனியாகப் பணம் போட்டு, கப்பல் திரும்பியதும் மிளகை விற்று, பங்கைப் பிரித்துக் கணக்கை மூடிவிடுவார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் சீட்டு மாதிரி. கலையாத நிரந்தர முதல் என்ற ஏற்பாடு 1657-ல்தான் வந்தது. அதற்குப் பிறகு பங்குகள் கைமாறும், ஆட்கள் மாறுவார்கள், கம்பெனி மட்டும் அப்படியே இருக்கும். ரொட்டி சாப்பிட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள், மேஜைக்கு உயிர் வந்துவிட்டது.

1639-ல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் மணல்வெளியை வாங்கிச் சென்னையில் கால் ஊன்றியவர்களும் இவர்கள்தான். அங்கிருந்து சொல்லின் எல்லா அர்த்தங்களும் ஒரே சமயத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. கம்பெனியின் கப்பலில் ஒரு கம்பெனி மாலுமிகள். கம்பெனியின் கோட்டையில் கம்பெனி கம்பெனியாகச் சிப்பாய்கள். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1748-ல் கடலூர்ப் பக்கம் வந்து இந்தப் படைக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தார். 1758-ல் சிப்பாய்க் கம்பெனிகளைச் சேர்த்து பட்டாலியன் ஆக்கினார்கள். நம் "பட்டாளம்" அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

தமிழர்கள் இதை எப்படிக் கேட்டார்கள்? கும்பினி, கும்பனி. ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தது பிரெஞ்சுக் கும்பினிக்கு, ஆகவே கும்பினி என்றால் இங்கிலீஷ்காரன் மட்டும் என்று நினைக்கக்கூடாது. ஜாவாவில் டச்சுக்காரர்களை 'கொம்பெனி' என்றார்கள், இந்தோனேசியாவில் இன்றைக்கும் அது காலனி ஆட்சிக்கான சொல்.

எனக்கு மிகவும் பிடித்தது "கும்பினியார்" என்ற வடிவம். தமிழில் 'ஆர்' விகுதிக்கு இரண்டு வேலை. பலரைச் சொல்லவும் வரும், ஒருவரை மரியாதையாகச் சொல்லவும் வரும். ஊரார் என்றால் பலர், அம்மையார் என்றால் ஒருவர். கும்பினியார்? லண்டனில் இருக்கிற பங்குதாரர்களா, கோட்டையில் இருக்கிற துரைமார்களா, இல்லை கும்பினி என்ற ஒற்றை மகாராஜாவா? அந்தச் சொல் பிடி கொடுக்காது. கிஸ்தி கட்டுகிற விவசாயிக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லைதான். ஆனால் நீதிமன்றப் படியேறிய ஒருவருக்கு எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

அப்படிப் படியேறியவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர். பிரெஞ்சுக்காரர்களோடும் ஹைதர் அலியோடும் நடந்த போர்களின் செலவுக் கணக்கைக் கம்பெனி அவர் தலையில் எழுதியது. கடனை அடைக்க அவர் இன்னும் கடன் வாங்கினார். யாரிடம்? கம்பெனி ஊழியர்களிடம், அவர்களுடைய சொந்தக் கணக்கில், கொழுத்த வட்டிக்கு. அதில் பேர் போனவர் பால் பென்ஃபீல்ட். அவரும் இன்ஜினியர்தான், கோட்டைச் சுவர் கட்ட வந்தவர், என்ன சொல்ல. இந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சு இன்றைக்கும் படிக்கப்படுகிறது. பகலில் கம்பெனி நவாபை நெருக்கும். அதே கம்பெனியின் ஆட்கள் ராத்திரியில் போய், கம்பெனிக்குக் கட்டுவதற்கு அவருக்குக் கடன் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் கம்பெனி, நடுவில் நவாப்.

அவர் லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். வரவு செலவுக் கணக்குக் காட்டு, அதிகமாக எடுத்ததைக் கொடு என்பது கோரிக்கை. வியாபாரியிடம் எந்தக் கட்சிக்காரனும் கேட்கிற நியாயமான கேள்வி. 1791-லும் 1793-லும் இந்த வழக்கு விசாரணைக்கு வந்து, கடைசியில் தள்ளுபடி ஆனது. காரணம்: நவாபோடு ஒப்பந்தம் போட்டபோது கம்பெனி வியாபாரியாக நடக்கவில்லை, ஒரு தனி அரசைப் போல நடந்தது. இரண்டு அரசுகளுக்கு நடுவே உள்ள ஒப்பந்தத்தை உள்ளூர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. லண்டன் வணிகர்களின் கூட்டம், லண்டன் நீதிமன்றத்தில் நின்று, நான் வணிகன் இல்லை என்று தப்பித்துக்கொண்டது.

சி மொழியில் புரோகிராம் எழுதினவர்களுக்கு 'யூனியன்' தெரிந்திருக்கும். நினைவகத்தில் ஒரே இடம், அதை எண்ணாகவும் படிக்கலாம், எழுத்தாகவும் படிக்கலாம், படிக்கிறவன் சொல்வதுதான் வகை. தப்பான வகையில் படித்தால் கம்பைலர் தடுக்காது, குப்பை வரும். கம்பெனி என்ற சொல் அப்படி ஒரு யூனியன். ஒரு வித்தியாசம், இங்கே எந்த வகையில் படிக்கணும் என்று தீர்மானித்ததால் லாபம் அடைந்தவர் எப்பவும் ஒரே ஆள்.

தஞ்சாவூர்க் கதை இன்னும் கசப்பு. கடைசி மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த வருஷம் கம்பெனியின் அதிகாரி ஃபோர்ப்ஸ் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் போய் முத்திரை வைத்தார். நாடு போனது ஒருபக்கம். ராஜாவின் சொந்த நகைகள், நிலங்கள், வீட்டுச் சொத்து என்று அதுவும் சேர்ந்து போனது. மூத்த ராணி காமாட்சி பாய் சாகேபா, அப்போது சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் (இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு முந்தியது) வழக்குப் போட்டார். ராஜ்யத்தைக் கேட்கவில்லை, புருஷனின் சொந்தச் சொத்தைக் கேட்டார். ஜெயித்தார்! கம்பெனியின் ஊரிலேயே, கம்பெனிக்கு எதிராக, ஒரு விதவை ஜெயித்தார்.

கம்பெனி லண்டனில் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போனது. 1859-ல் தீர்ப்பு வந்தபோது கம்பெனியின் ஆட்சி முடிந்து, எதிர்த்தரப்பில் இந்தியச் செயலாளர் பேர் வந்துவிட்டது. கிங்ஸ்டவுன் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சொத்தை எடுத்தது சட்டப்படி உரிமை கோரி அல்ல, ஓர் அரசு தன் பலத்தால் செய்த காரியம். அது நியாயமா அநியாயமா என்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. சென்னைத் தீர்ப்பு ரத்து. 1862-ல் அரசாங்கம் சொத்தை ராணிகளுக்கே விட்டுக்கொடுத்தது, அதுவும் உரிமையாக அல்ல, தயவாக. தயவு என்ற வார்த்தை அங்கே எத்தனை சௌகரியம் பாருங்க. உரிமை என்று ஒப்புக்கொண்டால் அடுத்தவனும் வந்து நிற்பான்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. 1813-ல் இந்திய வாணிபத்தில் கம்பெனியின் ஏகபோகம் போனது. 1833 சட்டம் மிச்சமிருந்த வியாபாரத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. அதே 1833 சட்டம்தான், நீளமான பழைய பேருக்குப் பதிலாக இனி கிழக்கிந்தியக் கம்பெனி என்று சுருக்கமாகச் சொல்லலாம் என்று அனுமதித்தது. அதாவது கம்பெனி என்பது சட்டப்படி முழுப் பேரானது, கம்பெனியாக இருப்பதை நிறுத்திய அன்று.

என் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து எனக்கு வந்த ஒரு செப்புக் காலணா மேஜையில் இருக்கிறது. வருஷம் 1835. ஒருபக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பாட்டிக்கு அது கும்பினிக் காசு. சின்ன வயசில் நான் அதைப் பார்த்து, ஒரு கம்பெனியே காசு அடிச்சிருக்கே, எவ்வளவு பெரிய கம்பெனி என்று வாயைப் பிளந்தேன். அந்தக் காசு அடிக்கும்போது அவர்கள் ஒரு மூட்டை மிளகுகூட விற்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

விற்க ஒன்றும் இல்லை, ஆனால் லாபப் பங்கு உண்டு. பங்குதாரர்களுக்கு வருஷம் பத்தரை சதவீதம், மொத்தம் 6,30,000 பவுண்டு, இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து கொடுக்கணும் என்று அதே சட்டம் எழுதிவைத்தது. 1858-ல் ஆட்சி ராணிக்குப் போனபிறகும் இது நின்றுவிடவில்லை. 1874-ல்தான் 100 பவுண்டு பங்குக்கு 200 பவுண்டு என்று இருமடங்கு விலை கொடுத்துக் கணக்கை முடித்து, ஜூன் 1-ம் தேதி கம்பெனியைக் கலைத்தார்கள். கடைசிப் பதினாறு வருஷம் அதற்குக் கப்பல் இல்லை, படை இல்லை, நாடு இல்லை. பங்குதாரர் மட்டும் இருந்தார்கள். 1600-ல் கூட்டம் என்று ஆரம்பித்தது, கடைசியில் பணம் வாங்கும் கூட்டமாக முடிந்தது. நம் ஊர் விவசாயி கட்டிய வரியில் யாரோ ஒரு லண்டன்காரரின் சாப்பாட்டு மேஜைக்கு ரொட்டி போனது என்று எழுதினால் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்காது.

சரி, கலைத்தாச்சு, கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போதுதான் குதிரை வந்தது.

கல்கத்தாவில் கார்டன் ரீச்சிலிருந்து பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் குதிரை வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. கிடர்பூரில் அரசாங்கக் கப்பல் பட்டறை வாசலில் கூலியாட்கள் நீராவிக் கப்பலுக்கான கனத்த இரும்புத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். வண்டி வருவதைப் பார்த்துப் பதறிக் கீழே போட்டார்கள். சத்தத்தில் குதிரை மிரண்டு முன்னால் பாய்ந்து காயம் பட்டது. பி அண்ட் ஓ கேட்ட நஷ்டஈடு 350 ரூபாய்.

1858 சட்டத்தின் 65-ம் பிரிவு, கம்பெனி மேல் எந்த வழக்குப் போட்டிருக்க முடியுமோ அந்த வழக்கை இனி இந்தியச் செயலாளர் மேல் போடலாம் என்றது. ஆகவே 1861-ல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் முன்னால் வந்த கேள்வி விநோதமானது. ஆட்சியில் இல்லாத கம்பெனி இப்போது ஆட்சியில் இருந்திருந்தால், இந்தக் குதிரைக்குப் பொறுப்பேற்றிருக்குமா? அவர் கம்பெனியை இரண்டாக வெட்டினார். வியாபாரிகூடச் செய்யக்கூடிய வேலைகளில் தவறு நடந்தால் பொறுப்பு உண்டு. அரசு மட்டுமே செய்யக்கூடிய இறையாண்மைக் காரியங்களில் பொறுப்பு இல்லை. கப்பல் பட்டறை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், ஆகவே காசு கொடு. குதிரைக்கு நியாயம் கிடைத்தது. நவாபுக்கும் ராணிக்கும் கிடைக்காத ஒன்று.

அந்த வெட்டு நம்மோடேயே வந்துவிட்டது. 1858 சட்டத்தின் 65-ம் பிரிவை 1915 சட்டத்தின் 32-ம் பிரிவு சுட்டியது. அதை 1935 சட்டத்தின் 176-ம் பிரிவு தொடர்ந்தது. நம் அரசியலமைப்பின் 300-வது பிரிவு, வேறு சட்டம் வரும்வரை இந்திய அரசு மேலும் மாநில அரசுகள் மேலும் முன்பு எந்த மாதிரி வழக்குகள் போடமுடியுமோ அதே மாதிரி போடலாம் என்கிறது. "முன்பு" என்பதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் சுட்டிமேல் சுட்டியாகப் போய், கடைசியில் கம்பெனி வாசலில் நிற்போம். பழைய கோடைத் தொட்டால் என்ன உடையுமோ என்று பயந்து, அதன்மேல் ஒரு உறையைப் போர்த்தி நாங்கள் விடுவது உண்டு. அரசியலமைப்பு எழுதினவர்களுக்கும் நேரம் குறைவு, வேலை ஜாஸ்தி. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் பேர் பதிவில் இருக்கிறது. ரலியா ராம், அமிர்தசரஸ் நகை வியாபார நிறுவனமொன்றின் கூட்டாளி. 1947 செப்டம்பர் 20-ம் தேதி தங்கமும் வெள்ளியும் விற்க மீரட்டில் ரயிலை விட்டு இறங்கினார். நாடு பிரிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. திருட்டு நகையோ என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் பிடித்தது, சரக்கைப் பறிமுதல் செய்தது. இரண்டு நாளில் அவரை விட்டுவிட்டார்கள். வெள்ளி திரும்பி வந்தது. தங்கம் வரவில்லை. 103 தோலாவுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1.2 கிலோ, நம் கணக்கில் 150 பவுன். ஸ்டேஷனில் அதைப் பாதுகாக்க வேண்டிய தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

வழக்கு பதினேழு வருஷம் நடந்தது. 1964-ல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு, போலீஸ் கவனக்குறைவாக நடந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கைது செய்வதும் பொருளைப் பறிமுதல் செய்வதும் இறையாண்மைக் காரியம், ஆகவே உத்தரப் பிரதேச அரசு பொறுப்பில்லை என்றது. குதிரைக்கு உதவிய அதே 1861 தீர்ப்பின் மறுபாதி இது. சுதந்திர நாட்டில், குடிமகனின் தங்கத்தை அரசு ஊழியர் தின்றுவிட்டால், கம்பெனி என்ன செய்திருக்கும் என்று பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். இந்த நிலை சரியில்லை, சட்டமன்றங்கள் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதிகளே அதே தீர்ப்பில் எழுதினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ராஜஸ்தானில் கலெக்டரின் ஜீப் மோதி ஒருவர் இறந்த வித்யாவதி வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் அரசு பொறுப்பு என்றிருந்தது. ஜீப் ஓட்டுவது வியாபாரியும் செய்யும் வேலை, நகையைப் பிடுங்குவது அரசன் மட்டும் செய்யும் வேலை என்றுதான் இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருது.

சட்டம் கொண்டுவாருங்கள் என்று சொன்னது நீதிபதிகள் மட்டும் இல்லை. சட்ட ஆணையம் 1956-ல் கொடுத்த அதன் முதல் அறிக்கையே இந்த விஷயத்தைப் பற்றித்தான். அறுபதுகளில் நாடாளுமன்றத்தில் மசோதாவும் வந்தது, நிறைவேறாமல் காலாவதி ஆனது. அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்தன. அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேரடியாக நஷ்டஈடு என்று 1983-ல் ருதுல் ஷா வழக்கிலும் 1993-ல் நீலாபதி பெஹரா வழக்கிலும் சொன்னார்கள். 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கில், ஆந்திராவில் அரசு பறிமுதல் செய்து வைத்திருந்தபோது கெட்டுப்போன சரக்குக்கு அரசு பொறுப்பு என்று சொல்லி, அந்தப் பழைய வெட்டையே கேள்வி கேட்டார்கள். 300-வது பிரிவு மட்டும் அதே வாசகத்தோடு அதே இடத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் வேலை போன என் நண்பனோடு ஒருநாள் டீக்கடைக்குப் போனேன். கும்பினி, ராணி, குதிரை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நாடகக் கம்பெனிகளைப் பற்றிச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்கும். அதற்குக் 'கம்பெனி வீடு' என்று பேர். பையன்கள் அங்கேதான் படுப்பார்கள், அங்கேயே பாடம் படிப்பார்கள், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாலிக் சட்டம் எழுதினவனுக்குப் பார்த்தவுடன் புரிந்திருக்கும் கம்பெனி அது.

"அங்கயும் அடி விழும்டா, பாதியில ஓடிப்போன பசங்க எத்தனை பேர்" என்றான் அவன். அதுவும் உண்மைதான். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு பன் பட்டர் குடுங்க" என்றான்.